சண்டே ஸ்கூல் வகுப்பு எடுக்கச் சொல்லிவிட்டார்கள், மூன்றே வாரத்தில் தொண்டை போய்விட்டது. தொடரலாமா?

தேரிக்காட்டான்:

எல்லோருக்கும் ஸ்தோத்திரம். சொந்த ஊர் நாசரேத் பக்கம், வேலை சென்னையில், வயது 27. தாம்பரம் தாண்டி ஒரு சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபைக்கு இரண்டு வருடமாகப் போகிறேன். போகிறேன் என்றால், கடைசி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டு ஆசீர்வாதம் கூறி முடித்ததும் பைக்கை எடுத்துக்கொண்டு கிளம்புகிற ரகம். போன மாதம் ஐயரம்மா (எங்கள் போதகர் ஐயருடைய மனைவி) வாசலிலேயே பிடித்துக்கொண்டார்கள். "ஊரில ஓய்வுநாள் பள்ளிக்குப் போயிருப்பீங்கதானே, ரெண்டாம் வகுப்புல இருந்து நாலாம் வகுப்பு வரைக்கும் எடுக்க ஆள் இல்ல தம்பி" என்றார்கள். மறுக்க வாய் வரவில்லை, சரி என்று சொல்லிவிட்டேன்.

இப்போது மூன்று வாரம் ஆகிறது. 23 பிள்ளைகள், மாடியில் ஒரு அறை, கீழே ஆராதனை நடக்கிற மைக் சத்தம் அப்படியே மேலே வரும். 45 நிமிடம். கொடுத்த பாடப் புத்தகத்தைப் பார்த்து வாசிக்கிறேன், ஐந்தாவது நிமிடத்தில் யாருமே என்னைப் பார்ப்பதில்லை. ஒரு பையன் வகுப்பு முழுக்க பெஞ்சுக்கு அடியிலேயே இருக்கிறான். மனன வசனம் கேட்டால் எல்லோரும் "இயேசு கண்ணீர் விட்டார்" என்று ஒரே பாட்டு, ஏனென்றால் அதுதான் சின்னது (நானும் சின்ன வயதில் அதையே சொல்லித் தப்பித்தவன்தான், அதனால் திட்டவும் முடியவில்லை). பாதிப் பேருக்குத் தமிழ் வாசிக்க வரவில்லை, வசனத்தை இங்கிலீஷ் எழுத்தில் எழுதிக்கொண்டு போகிறார்கள். நோவா பேழை பாடம் எடுத்தபோது ஒரு பாப்பா எழுந்து "அங்கிள், பேழையில சிங்கம் என்ன சாப்பிட்டுச்சு?" என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை, "உட்கார் கண்ணு, பாடத்தைக் கவனி" என்று சமாளித்தேன். அது இன்னும் உறுத்துகிறது.

உண்மையான கேள்வி இதுதான். நான் பெரிய ஜெபவீரன் எல்லாம் இல்லை, வேதம் வாசித்து மாதக்கணக்காகும், சில விஷயங்களில் எனக்கே சந்தேகம் உண்டு. அப்படிப்பட்டவன் பிள்ளைகள் முன்னால் போய் நிற்பது வேஷமாகத் தெரியாதா? வேறு ஆளைப் பாருங்கள் என்று சொல்லிவிடலாமா? மே மாதம் வி.பி.எஸ். (பிள்ளைகளுக்கான விடுமுறை வேதாகமப் பள்ளி) வேறு வருகிறது, பத்து நாள் லீவு போட முடியுமா என்று இப்போதே கேட்கிறார்கள். இன்னொன்று, இரண்டு பிள்ளைகளுடைய அப்பா அம்மா கோயிலுக்கு வருவதில்லை, வகுப்பு முடிந்ததும் நான்தான் பைக்கில் கொண்டுபோய் வீட்டில் விடுகிறேன். இந்த வேலையெல்லாம் இதில் சேர்த்திதானா?

பாளை டீச்சர்:

தம்பி, நான் பள்ளிக்கூடத்தில் 34 வருடம், ஓய்வுநாள் பள்ளியில் அதைவிடக் கூட. பணி ஓய்வு பெற்றாயிற்று, ஞாயிற்றுக்கிழமை மட்டும் இன்னும் விடவில்லை. நீங்கள் சொன்ன அத்தனையும் எனக்கும் நடந்தது, பெஞ்சுக்கு அடியில் பையன் உட்பட.

முதலில் அந்தப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு வாசிப்பதை நிறுத்துங்கள். அது உங்களுக்காக அச்சடித்தது, பிள்ளைகளுக்கு இல்லை. சனிக்கிழமை ராத்திரி நாலு தடவை படித்துவிட்டு, ஞாயிறு காலை புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கதையாகச் சொல்லுங்கள். நடுவில் ஒரு பெயர் மறந்துபோனால் போகட்டும். இந்த வயதுப் பிள்ளைகள் பத்து நிமிடம் கதை கேட்பார்கள், ரொம்ப நன்றாகச் சொன்னால் பன்னிரண்டு. மிச்ச நேரத்துக்குப் பாட்டு, வசனம், கையால் செய்கிற ஏதாவது ஒன்று. 45 நிமிடமும் நீங்களே பேசினால் தொண்டை போகாமல் என்ன செய்யும்?

அப்புறம், வேதத்திலேயே அளவு போட்டிருக்கிற இடங்களைத் தேடிப் பிடியுங்கள். தாவீதோடு மோதிய ராட்சதன் கோலியாத்தின் உயரம் ஆறு முழமும் ஒரு ஜாணும் என்று 1 சாமுவேல் 17-இல் இருக்கிறது. முழம் என்றால் பிள்ளைகளுக்குத் தெரியும், பூக்காரம்மா கையால் அளந்து போடுவதைப் பார்த்திருப்பார்கள். ஒரு சாக்பீஸைக் கொடுத்து, அவரவர் கையால் சுவரில் அளக்கச் சொல்லுங்கள். எட்டு வயதுப் பிள்ளை கையால் அளந்தால் ஏழடிக்குப் பக்கத்தில் வரும், 18 அங்குலம் என்று வைத்து அளந்தால் ஒன்பதே முக்கால் அடி. "என் கோலியாத் குட்டை, உன் கோலியாத் நெட்டை" என்று ஒரு சண்டை வரும் பாருங்கள், அந்தச் சண்டை முடிகிறபோது பாடம் நடந்து முடிந்திருக்கும். அதே மாதிரி பேழை 300 முழ நீளம், 50 முழ அகலம், 30 முழ உயரம். காம்பவுண்டில் கயிறு பிடித்து நடக்க விடுங்கள், நீளம் மட்டும் 450 அடி வரும், அநேகமாக உங்கள் கோயில் காம்பவுண்டு பத்தாது, கேட்டைத் தாண்டித் தெருவுக்குப் போக வேண்டியிருக்கும். தெருவில் இறக்கிவிட்டு என்னைத் திட்டாதீர்கள், அதற்கு வேறு இடம் பாருங்கள்.

பெஞ்சுக்கு அடியில் இருக்கிறவனுக்கு ஒரு வேலை கொடுங்கள். வருகைப் பதிவேடு அவன் பொறுப்பு, காணிக்கைப் பையை அவன்தான் எடுக்க வேண்டும், அவ்வளவுதான். வெளியே வா என்று கூப்பிடவே கூப்பிடாதீர்கள். எனக்குக் கிடைத்தவன் ஆறு வாரம் கழித்து வெளியே வந்தான், இன்று கோவையில் வேலை பார்க்கிறான், ஊருக்கு வந்தால் எட்டிப் பார்க்காமல் போவதில்லை. எல்லோரும் இப்படி வருவார்கள் என்று சொல்லவில்லை. வராதவர்களும் உண்டு.

தமிழ் வாசிக்க வராததை ஒரு குறையாகச் சொல்லியிருக்கிறீர்கள். தம்பி, ஞாயிறு பள்ளி ஆரம்பித்ததே எழுத்துச் சொல்லிக்கொடுக்கத்தான். 1780-இல் இங்கிலாந்தில் குளோஸ்டர் நகரத்தில் ராபர்ட் ரெய்க்ஸ் என்ற பத்திரிகைக்காரர் இதைத் தொடங்கியபோது, வாரத்தில் ஆறு நாளும் வேலைக்குப் போகிற ஏழைப் பிள்ளைகளுக்கு ஞாயிறு ஒன்றுதான் ஓய்வு, அந்த நாளில் வாசிக்கக் கற்றுக்கொடுத்தார்கள், வாசிக்கிற புத்தகம் வேதாகமம். நம்மிடம் வருகிற பிள்ளைகள் வேலைக்குப் போகவில்லை, ட்யூஷனுக்குப் போகிறார்கள், அதுதான் வித்தியாசம். வாரத்துக்கு ஒரு வசனம், அதில் ஐந்து எழுத்து என்று பெரிதாகச் சார்ட்டில் எழுதி மாட்டுங்கள். ஒரு வருடத்தில் வாசித்துவிடுவார்கள், நான் பார்த்திருக்கிறேன்.

எல்லாவற்றுக்கும் முன்னால் 23 பேருடைய பெயரும் உங்களுக்குத் தெரிய வேண்டும். வீட்டில் கூப்பிடுகிற பெயரும் சேர்த்து.

மணல்கரை:

நான் கத்தோலிக்கன், தூத்துக்குடிக்குத் தெற்கே கடற்கரை ஊர். எங்களிடம் இதற்கு மறைக்கல்வி என்று பெயர், ஞாயிறு காலைப் பூசை முடிந்ததும் வகுப்பு. புதுநன்மைக்கு, அதாவது முதல் தடவை நற்கருணை வாங்கத் தயாராகிற பிள்ளைகளுக்கு எட்டு வருடமாக எடுக்கிறேன், அதனால் பக்கத்து வீட்டுக்காரன் என்ற உரிமையில் உள்ளே வருகிறேன்.

டீச்சரம்மா சொன்னது அத்தனையும் சரி, ஒன்றை மட்டும் கூட்டிச் சொல்கிறேன். சிங்கம் என்ன சாப்பிட்டது என்ற கேள்விதான் உங்களுக்கு அந்த மூன்று வாரத்தில் கிடைத்த ஒரே நல்ல சமாச்சாரம், அதைப் போய் உட்கார வைத்துவிட்டீர்களே. எனக்கும் அப்படி ஒன்று நடந்தது. ஐந்து அப்பம் இரண்டு மீன் பாடம். எங்கள் பிள்ளைகள் உடனே "என்ன மீன் சார்?" என்றார்கள். சாளை என்று ஒருவன், நெத்திலி என்று ஒருவன், அடிபிடி. அப்போது வள்ளத்தில் போகிறவருடைய மகள் ஒருத்தி, "காலையில கட்டிக்கொடுத்தது சாயங்காலம் வரைக்கும் கெடாம இருந்துச்சுன்னா அது கருவாடுதான்" என்றாள். வகுப்பே அடங்கிவிட்டது. பிறகு எங்கள் கோயில் பாதிரியார் பங்குச்சாமியிடம் இதைச் சிரித்துக்கொண்டே சொன்னேன், அவர் சிரிக்கவில்லை. யோவான் நற்செய்தியில் அந்த இடத்தில் வருகிற கிரேக்கச் சொல், அப்பத்துக்குத் தொட்டுக்கொள்கிற சிறு மீனைக் குறிக்கும் என்றார். அந்தப் பிள்ளை சொன்னது கிட்டத்தட்ட வந்துவிட்டது பாருங்கள். அடுத்த வாரம் வகுப்பில் அவளை எழுப்பி நிறுத்தி இதைச் சொன்னேன், அதிலிருந்து கேள்வி கேட்காத பிள்ளையே கிடையாது, சில நாள் தலைவலிதான்.

ஆகையால் அந்தப் பாப்பாவிடம் வருகிற ஞாயிறு போய், "நீ கேட்டதற்கு எனக்கு அன்று பதில் தெரியவில்லை, வீட்டில் போய்ப் பார்த்தேன்" என்று சொல்லுங்கள். தொடக்கநூல் (உங்கள் ஆதியாகமம்) 6:21-இல் உனக்கும் அவைகளுக்கும் ஆகாரம் சேர்த்துக்கொள் என்றுதான் இருக்கிறது, சிங்கத்துக்கு என்ன போட்டார்கள் என்று எழுதவில்லை. அதை அப்படியே சொல்லலாம். உங்கள் சந்தேகம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். எல்லாம் தெரிந்த மாதிரி நிற்பதுதான் வேஷம். தெரியாது என்று சொல்லிவிட்டு அடுத்த வாரம் விசாரித்துக்கொண்டு வருகிறவனை எந்தப் பிள்ளையும் வேஷக்காரன் என்று நினைக்காது.

மொழி பற்றி ஒன்று. நீங்கள் வைத்திருக்கிற பழைய மொழிபெயர்ப்பு 1871-இல் வந்த தமிழ், அதில் 23ஆம் சங்கீதம் "நான் தாழ்ச்சியடையேன்" என்று வரும். சென்னைப் பிள்ளைக்கு அது எப்படிப் புரியும்? உடனே எங்கள் 1995 பொது மொழிபெயர்ப்பு ஒசத்தி என்று சொல்ல வரவில்லை. அதில் "ஆண்டவர் என் ஆயர், எனக்கேதும் குறையில்லை" என்று இருக்கிறது, எங்கள் பிள்ளைகளுக்கு ஆயர் என்றால் மோதிரம் போட்டுக்கொண்டு உறுதிபூசுதல் சடங்குக்கு வருகிற பிஷப் ஒருவர்தான். ஆண்டவர் பிஷப்பா என்று கேட்டான் ஒருவன். எந்தப் புத்தகமாக இருந்தாலும் ஆட்டுக்குட்டியையும் மேய்க்கிறவரையும் நீங்கள்தான் கண்முன்னால் கொண்டுவர வேண்டும்.

கறுப்புக்கோட்டு:

மேலே எல்லோரும் கதை சொல்கிற விதம் பற்றிப் பேசுகிறார்கள், கேள்வியின் கடைசி வரியை யாரும் கவனிக்கவில்லை. தேரிக்காட்டான், அந்த பைக் விஷயத்தை இந்த வாரமே நிறுத்துங்கள். உங்கள் மீது சந்தேகப்பட்டு இதைச் சொல்லவில்லை. ஒரு பெரியவர் ஒரு பிள்ளையோடு தனியாக இருக்கிற நிலையே வரக்கூடாது, பிள்ளையின் பாதுகாப்புக்கும் அதுதான் நல்லது, உங்களுக்கும் அதுதான் நல்லது. கூட்டிக்கொண்டு போக யார் வருவார்கள் என்று பெற்றோரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், அந்த ஆள் வரும்வரை பிள்ளை இன்னும் ஒரு ஆசிரியரும் இருக்கிற இடத்தில் உட்கார்ந்திருக்கட்டும்.

மாடி அறையில் நீங்கள் ஒருவர் மட்டும் என்பதும் தப்பு. இரண்டு பேர் வேண்டும், அதில் ஒருவர் பெண்ணாக இருந்தால் நல்லது, கதவு திறந்தே இருக்க வேண்டும். சின்னப் பிள்ளைகளைக் கழிப்பறைக்கு யார் கூட்டிப்போவது என்று முன்னமே முடிவு செய்யுங்கள். பிள்ளைகளைப் படம் எடுத்து வாட்ஸப் ஸ்டேட்டஸில் போடுகிற பழக்கம் எல்லா சபையிலும் இருக்கிறது, பெற்றோரைக் கேட்காமல் செய்யாதீர்கள்.

சட்டம் தெரிந்திருக்கட்டும். பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கிற போக்சோ சட்டம் 2012-இல் வந்தது, 18 வயதுக்குக் கீழே எல்லோரும் குழந்தைதான். ஒரு பிள்ளை உங்களை நம்பி வந்து தனக்குப் பாலியல் கொடுமை நடந்ததாகச் சொன்னாலோ, நடக்கும் என்று நீங்கள் அஞ்சக் காரணம் இருந்தாலோ, பிரிவு 19-இன்படி போலீசுக்கோ சிறப்புச் சிறார் காவல் பிரிவுக்கோ தெரிவித்தே ஆக வேண்டும். ஐயரிடம் சொல்லிவிட்டேன், கமிட்டியில் பேசுவதாகச் சொன்னார்கள் என்று நின்றுவிட்டால் உங்கள் கடமை முடிந்ததாக ஆகாது. நடந்த குற்றத்தைத் தெரிவிக்காமல் விட்டால் பிரிவு 21-இல் 6 மாதம் வரை சிறை, இல்லை அபராதம், இல்லை இரண்டும். நிறுவனப் பொறுப்பில் இருப்பவர் தன் கீழே இருக்கிறவரின் குற்றத்தை மறைத்தால் ஒரு வருடம் வரை. நல்லெண்ணத்தில் தகவல் கொடுத்தவர் மேல் வழக்கு வராது, அதுவும் அதே சட்டத்தில் இருக்கிறது. என்ன செய்வது என்று தெரியாமல் நின்றால் குழந்தைகள் உதவி எண் 1098-க்குப் போன் செய்யுங்கள். பிள்ளையைக் குறுக்கு விசாரணை செய்யாதீர்கள், சொன்னதைச் சொன்னபடி கேட்டுக்கொள்ளுங்கள், "யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்" என்று மட்டும் சத்தியம் செய்துகொடுக்காதீர்கள்.

"நம்ம கோயில்ல அப்படியெல்லாம் நடக்காது" என்று யாராவது சொன்னால், அந்த ஆள் சொல்வதைக் கேட்காமல் விடுங்கள்.

இரண்டாம் பரிசுக்காரி:

நான் ஆசிரியை இல்லை, ஒரு காலத்தில் அந்த பெஞ்சில் உட்கார்ந்தவள், இப்போது என் மகன் உட்காருகிறான். அந்தப் பக்கத்திலிருந்து இரண்டு வார்த்தை.

எனக்கு ஏழு வயதில் மனன வசனப் போட்டி. 20 வசனம் படித்துக்கொண்டு போய் மேடையில் ஏறி பதினோராவதில் நின்றுபோனேன். எங்கள் டீச்சர் மைக்கிலேயே "வீட்டில படிக்கவே இல்ல போல" என்றார்கள், சபையே சிரித்தது. எந்த ஊர், எந்தக் கோயில் என்று சொல்லப் போவதில்லை. ஆனால் எனக்கு வயது 38, அந்தச் சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. அந்த இருபது வசனத்தில் ஒன்றுகூட நினைவில் இல்லை. ஆகவே பரிசு கொடுப்பதாக இருந்தால் எல்லோருக்கும் கொடுங்கள், இல்லையென்றால் யாருக்கும் வேண்டாம். டிபன் பாக்ஸுக்காகப் பிள்ளைகளை மோதவிடுவதில் என்ன இருக்கிறது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

இன்னொன்று, நரகத்தைக் காட்டிப் பயமுறுத்தாதீர்கள். என் மகன் போன வருடம் ஒரு வகுப்புக்குப் பிறகு ஒரு வாரம் லைட்டை அணைத்துத் தூங்கவில்லை. கோயிலுக்கு வராத எங்கள் மாமனார் எரிகிற நெருப்புக்குப் போவாரா என்று ராத்திரி எழுந்து எழுந்து கேட்டான். எட்டு வயதுப் பிள்ளைக்கு அது தேவையா?

பாளை டீச்சர்:

இரண்டாம் பரிசுக்காரி, மைக்கில் அப்படிச் சொன்னது பாவம்தான், அதில் எனக்கு மறுபேச்சு இல்லை. ஆனால் போட்டியே வேண்டாம் என்பதை ஒப்புக்கொள்ள மாட்டேன். எங்கள் பக்கத்தில் மேடை ஏறிப் பேச, பாட, பயமில்லாமல் நிற்கக் கற்றுக்கொண்ட பிள்ளைகளில் பாதிப் பேர் பாலர் ஞாயிறன்று கற்றுக்கொண்டவர்கள்தான். பள்ளிக்கூடத்தில் வாய் திறக்காத பிள்ளை கோயில் மேடையில் பாடுவதை எத்தனை தடவை பார்த்திருக்கிறேன். நின்றுபோனால் பக்கத்தில் போய் அடுத்த வார்த்தையை எடுத்துக்கொடுக்கிற ஆள் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இரண்டாம் பரிசுக்காரி:

அந்த ஆள் இல்லையே டீச்சர், அதைத்தானே சொல்கிறேன்.

மே மாத ராசு:

வி.பி.எஸ். பற்றி யாருமே சொல்லாததால் சுருக்கமாக. 14 வருடமாக வி.பி.எஸ். சமையலறையிலும் கைவேலையிலும் இருக்கிறேன், பாடம் எடுத்ததே இல்லை. பத்து நாளும் லீவு போடாதீர்கள் சகோ, கம்பெனி வேலையைக் கெடுத்துக்கொண்டு யாருக்கும் பிரயோசனம் இல்லை. முன்னாடி நடக்கிற ஆசிரியர் பயிற்சிக்கு ஒரு நாள் போங்கள், பாட்டும் ஆக்‌ஷனும் அங்கேதான் வரும். அப்புறம் நடுவில் மூன்று நாள், கடைசி நாள் நிகழ்ச்சி, அது போதும். பத்து நாளும் வருகிறேன் என்று சொல்லிவிட்டு நாலாம் நாள் காணாமல் போகிறவரால் வருகிற தொந்தரவுதான் பெரிசு.

மே மாத வெயிலில் காலை 9 மணிக்குத் தொடங்கினால் 11 மணிக்கெல்லாம் பிள்ளைகள் வாடிவிடும், கஷ்டமான பாடத்தை முதலில் வைத்துக் கைவேலையைப் பின்னால் தள்ளுங்கள். ரஸ்னா கலக்குகிற தண்ணீர் கேன் தண்ணீரா குழாய்த் தண்ணீரா என்று நீங்களே போய்ப் பாருங்கள். கடலை ஒத்துக்கொள்ளாத பிள்ளை இருக்கிறதா என்று சேர்க்கும்போதே கேளுங்கள். பெவிக்கால் எப்போதும் பத்தாது.

வி.பி.எஸ்.-க்குப் பக்கத்துத் தெருப் பிள்ளைகளும் வருவார்கள், வேறு மதத்துப் பிள்ளைகளும். வரட்டும், ஆனால் அவர்கள் அப்பா அம்மாவிடம் நேரில் போய், இங்கே பைபிள் கதையும் பாட்டும் சொல்லிக்கொடுப்போம், சம்மதமா என்று கேட்டுவிட்டுச் சேருங்கள். டிராயிங் கிளாஸ் என்று சொல்லிக் கூட்டிவருவதை நான் பார்த்திருக்கிறேன், எனக்கு அது பிடிக்கவில்லை. எங்கள் தெருவில் நேரில் கேட்டபோது இரண்டு வீட்டில் வேண்டாம் என்றார்கள், நாலு வீட்டில் அனுப்பினார்கள். வேண்டாம் என்றவர்கள் வீட்டில் இன்றைக்கும் பொங்கலுக்குச் சர்க்கரைப் பொங்கல் வருகிறது.

தேரிக்காட்டான்:

எல்லோருக்கும் நன்றி. ஒரு வாரம் கழித்து வந்து எழுதுகிறேன்.

பைக் விஷயத்தை அன்றைக்கே ஐயரம்மாவிடம் பேசிவிட்டேன். இரண்டு வீட்டுக்கும் சனிக்கிழமை நேரில் போனோம். ஒரு அம்மா தானே வந்து கூட்டிப்போவதாகச் சொல்லிவிட்டார்கள், இன்னொரு வீட்டில் பாட்டி வருவார்கள். மாடிக்கு என்னோடு வர, கல்லூரி படிக்கிற ஒரு தங்கச்சியும் ஒத்துக்கொண்டாள், பாட்டுக்கு அவள்தான், எனக்குக் குரல் இல்லை என்பது மூன்று வாரத்தில் நிரூபணமாகிவிட்டது.

சிங்கத்துக்கு என்ன போட்டார்கள் என்று எழுதவில்லை என்று அந்தப் பாப்பாவிடம் சொன்னேன். "அப்போ நீங்களும் தேடிப் பாத்தீங்களா?" என்று கேட்டாள், ஆமாம் என்றேன். அதற்குப் பிறகு வகுப்பு முடிகிறவரை என் பக்கத்திலேயே நின்றாள். அடுத்த வாரத்துக்கு மூன்று கேள்வி எழுதிக் கொடுத்திருக்கிறாள், அதில் ஒன்று டைனோசர்.

கோலியாத்தை அளந்தோம். டீச்சர் சொன்ன மாதிரியே ஆளுக்கொரு கோலியாத். கடைசியில் என் கையால் அளந்தபோது பெஞ்சு மேல் நாற்காலி போட்டு ஏற வேண்டியதாயிற்று, கோடு மின்விசிறிக்கு மேலே போய் நின்றது, கீழே 23 பேரும் அண்ணாந்து பார்த்தார்கள். நாற்காலியைப் பிடித்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று கேட்டேன், பெஞ்சுக்கு அடியிலிருந்து இரண்டு கை வந்து நாற்காலிக் காலைப் பிடித்தது. வெளியே வரவில்லை, கை மட்டும்தான்.

பெயர் இதுவரை 17 பேருடையது தெரியும். ஐயரம்மாவிடம் வேறு ஆள் பார்க்கச் சொல்லவில்லை, மே மாதத்துக்கு மூன்று நாள் லீவும் எழுதிக் கொடுத்துவிட்டேன்.

இப்போது வேறொரு பிரச்சினை. அந்தச் சுவருக்கு கிறிஸ்துமஸுக்குத்தான் புது டிஸ்டெம்பர் அடித்தார்களாம், நெடுக சாக்பீஸ் கோடாக இருப்பதைப் பொருளாளர் பார்த்துவிட்டு யார் வேலை இது என்று விசாரித்துக்கொண்டிருக்கிறார். ஈரத்துணியால் துடைத்தால் டிஸ்டெம்பரும் சேர்ந்து வருகிறது. டீச்சர், இதற்கு ஏதாவது வழி உண்டா?

பாளை டீச்சர்:

காய்ந்த துணியால் மெதுவாகத் தட்டுங்கள் தம்பி, தேய்க்காதீர்கள். போகவில்லை என்றால் அந்த இடத்தில் வசனச் சார்ட்டை மாட்டிவிடுங்கள்.